மாப்பிள்ளை நாற்காலி

அன்புள்ள ஐயா,

வணக்கம். காங்கயம் பக்கத்தில் உள்ள உங்கள் ஊரில் ஒரு நாள் எப்படிப் போனது என்று பங்குனியில் எழுதியிருந்தீர்கள். மாடு தண்ணீர் குடித்தது, வேப்பமரத்தடியில் தூங்கினீர்கள், சாயங்காலம் காற்றடித்தது. அவ்வளவுதான் அதில் இருந்தது. ஆனால் படித்து முடித்தபோது எனக்கு ஏக்கமாக இருந்தது.

என் மனைவியின் ஊரும் அந்தப் பக்கம்தான், மூலனூருக்கு அருகில். நான் வளர்ந்தது சென்னையில், வேலை பெங்களூரில். சித்திரையில் பள்ளி விடுமுறைக்கு நான்கு நாள் அங்கே போனோம். உங்கள் கட்டுரையைப் படித்திருந்ததால் இந்த முறை ஆசையோடுதான் போனேன். உண்மையைச் சொல்கிறேன், இரண்டாம் நாள் மத்தியானமே அலுத்துவிட்டது. கடும் வெயில். எங்கே பார்த்தாலும் காய்ந்த காடு. மாமனார் அதிகம் பேசமாட்டார், எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுவார். வேளாவேளைக்குக் காபியும் பலகாரமும் வந்தன. திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிக்னலும் சரியில்லை.

ஆறு வயது மகள் மட்டும் சந்தோஷமாக இருந்தாள். பிறந்து சில நாளே ஆன கன்றுக்குட்டியை விட்டு அவள் நகரவே இல்லை. ‘அம்மா வெள்ளையா இருக்கு, குட்டி மட்டும் ஏன் செவப்பா இருக்கு?’ என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

கிராமத்து நாளின் எளிய சந்தோஷம் அங்கே பிறந்தவர்களுக்கு மட்டும் வாய்ப்பதா? இல்லை, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது எழுத்தில் மட்டும் இருப்பதா?

ச.
பெங்களூரு

அன்புள்ள ச.,

தவறாக எடுத்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. மனதில் பட்டதை அப்படியே எழுதியதற்கு நன்றி. கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை ஒரு சொல்லில் வந்து நின்றுவிட்டேன். நாற்காலி.

எங்கள் பக்கம் மாப்பிள்ளை வந்து இறங்கியதும் முதலில் வெளியே வருவது அதுதான். துண்டால் தூசி தட்டி, நிழலும் காற்றும் பார்த்துப் போட்டு, ‘உட்காருங்க மாப்பிள்ளை’ என்பார்கள். உள்ளன்போடுதான் செய்வார்கள். எழுந்து கட்டுத்தரைப் பக்கம் இரண்டடி வைத்தால், ‘அங்கெல்லாம் நீங்க எதுக்குங்க, சாணியும் கோமியமுமா கெடக்குது’ என்று திருப்பிக் கூட்டிவந்துவிடுவார்கள். தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் மாமியார் பதறிப்போவார். இப்படி நான்கு நாளும் உங்களைத் தாங்கியிருக்கிறார்கள். அந்த நான்கு நாளும் அங்கே நடந்த எதிலும் உங்களுக்குப் பங்கு இல்லாமல் போய்விட்டது. அலுக்காமல் என்ன செய்யும்?

அங்கே பிறந்தவர்களுக்கு மட்டுமா என்று கேட்கிறீர்கள். நான் அங்கே பிறந்தவன், காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில். படிக்கக் கோவைக்குப் போய், அங்கேயே வேலையும் கிடைத்து, பதினைந்து வருஷம் சொந்த ஊருக்கு விருந்தாளியாகத்தான் போய்வந்தேன். எனக்கும் அம்மா நாற்காலிதான் போட்டார். சனிக்கிழமை போவேன். சாப்பிடுவேன், படுப்பேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க ஆரம்பித்துவிடுவேன். ஊர்மேல் பாசம் இல்லாமல் இல்லை. பொழுது நகராது, அவ்வளவுதான். பிறந்துவிட்டால் மட்டும் போதாது என்பதை அந்தப் பதினைந்து வருஷத்தை வைத்துச் சொல்கிறேன்.

அது மாறியது அண்ணனுக்குக் கால் முறிந்த வருஷம். ஐப்பசி மழையில் கிணற்றுமேட்டில் வழுக்கி விழுந்தார். ஆறு வாரம் மாவுக்கட்டு. அப்பா அதற்கு முந்தைய வருஷமே போய்விட்டார். அண்ணி ஒருவரால் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. நான் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். அந்த ஆறு வாரமும் எனக்கு யாரும் நாற்காலி போடவில்லை. பங்குனியில் நான் எழுதிய நாள் அப்போது கற்றுக்கொண்டதுதான்.

எங்கள் காட்டில் விடிகாலையில் முதலில் வாய் திறப்பது கரிச்சான் குருவி. சேவல் அதற்குப் பிறகுதான். நன்றாக இருட்டிக் கிடக்கும்போதே எங்கேயோ ஒரு மரத்தில் இருந்து ஆரம்பித்துவிடும். அந்தச் சத்தத்துக்கு எழுந்தால் பால் கறக்க நேரம் சரியாக இருக்கும். அப்போது எங்களிடம் கறவையில் இருந்தது ஒரு காங்கயம் மாடு, மயிலை, அதாவது சாம்பல் கலந்த வெள்ளை. மாட்டுக்குத் தனியாகப் பெயர் வைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. மயிலை, செவலை, காரி என்று நிறத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவோம்.

காங்கயம் மாட்டுக்குப் பேர் உழவிலும் வண்டியிலும்தான், பாலில் இல்லை. வேளைக்கு ஒன்றரை லிட்டர் கறந்தாலே எங்கள் வீட்டில் அதிகம். முதலில் கன்றை அவிழ்த்துவிட்டு ஊட்டவிட வேண்டும். மடி சுரந்ததும் கன்றைப் பிடித்துத் தாயின் முன்னால் கட்டிவிட்டுக் கறக்க உட்கார வேண்டும். தாய் கன்றை நக்கிக்கொண்டே நிற்கும். முதல் மூன்று நாள் மயிலை எனக்குப் பால் இறக்கவில்லை. என் கையும் வாசனையும் அதற்குப் பழக்கமில்லை. அம்மா வந்து பக்கத்தில் நின்று அதன் கழுத்தைச் சொறிந்துகொடுத்தால்தான் கொஞ்சமாவது வரும். நான்காம் நாள் காலையில் அம்மா வருவதற்குள்ளேயே மடி இளகிவிட்டது. செம்பில் முதல் பீச்சு விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அலுவலகத்தில் யார் பாராட்டியும் நான் அப்படிப் பூரித்துப்போனதில்லை.

பிறகு மாடுகளைக் கொறங்காட்டுக்கு ஓட்ட வேண்டும். ‘காய்ந்த காடு’ என்று நீங்கள் எழுதியிருப்பது கொறங்காட்டைத்தான் என்று நினைக்கிறேன். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்து வாழ்க்கையே அதைச் சுற்றித்தான்.

காங்கயம், வெள்ளகோயில், மூலனூர், தாராபுரம், அந்தப் பக்கம் கரூர் வரைக்கும் மழை குறைவான மேட்டுநிலம். சரளையும் செம்மண்ணுமான பூமி. பயிரை மட்டும் நம்பினால் பிழைக்க முடியாது என்று தெரிந்தவர்கள் அதில் ஒரு பங்கை மேய்ச்சலுக்கென்றே விட்டார்கள். தரையில் கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கொறங்காடு. அதைத் தனித்தனி அடைப்பாகப் பிரித்திருப்பார்கள். ஒன்றில் புல் தீர்ந்தால் அடுத்ததில் விடுவார்கள். முள்வேலி நெருக்கமாக இருப்பதால் கூடவே நின்று மேய்க்க ஆள் வேண்டாம். உள்ளே ஓட்டிவிட்டுப் படலைச் சாத்திவிட்டு வந்துவிடலாம். வேலி போடுவதும் சுலபம்தான். கிளுவைப் போத்தை வெட்டி மழைக்காலத்தில் ஊன்றிவிட்டால் அதுவே வேர்பிடித்துக்கொள்ளும்.

நீங்கள் பார்த்தபோது புல் பழுத்துத் தரையோடு படிந்திருக்கும். கிளுவை இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சியாக நின்றிருக்கும். ஆனால் இரண்டும் உயிரோடுதான் இருக்கின்றன. ஒரு நல்ல மழை பெய்யட்டும், சில நாளில் வேலி முழுக்கப் பச்சை கட்டிவிடும். துளிர்விட்ட கிளுவை இலையைக் கிள்ளிக் கசக்கி ஒரு தடவை முகர்ந்து பாருங்கள். எங்கே இருந்தாலும் அந்த வாசனை என்னை ஊருக்குக் கொண்டுபோய்விடும். கோடையிலும் அந்தக் காடு சும்மா இருப்பதில்லை. வெள்வேல மரம் அப்போது காய் உதிர்க்கும். ஒரு காற்றடித்துக் காய் பொலபொலவென்று விழும் சத்தம் கேட்டால் போதும், எங்கெங்கோ நிற்கும் ஆடுகளெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மரத்தடிக்கு ஓட்டமாக ஓடிவரும். சித்திரையில் உங்கள் மாமனார் காட்டிலும் இது நடந்திருக்கும். திண்ணையில் இருந்தால் தெரியாது.

மாட்டை உள்ளே விட்டதும் வந்துவிடாமல் கொஞ்சம் நின்று பார்ப்பேன். காலையில் என்னை எழுப்பிய கரிச்சான் மாட்டின் முதுகில் வந்து உட்கார்ந்திருக்கும். மாடு நடக்க நடக்கப் புல்லுக்குள் இருந்து பூச்சி கிளம்பும். சட்டென்று பாய்ந்து பிடித்துவிட்டுத் திரும்ப அதே முதுகுக்கு வந்துவிடும். உண்ணிக்கொக்குகள் காலடியிலேயே நடந்து வரும். மாடு ஒன்றையும் சட்டை செய்யாது. பத்து நிமிஷம் இதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

தண்ணி கட்டுவதைச் சொல்லாவிட்டால் மனசு கேட்காது. கிணற்றடியில் ஒரு ஏக்கர் சின்ன வெங்காயம் போட்டிருந்தோம். மும்முனை மின்சாரம் அப்போது எங்களுக்கு முறை வைத்துத்தான் வரும். ராத்திரி முறை என்றால் நடுச்சாமத்தில் எழுந்துபோய் மோட்டாரைப் போட வேண்டும். குழாய் முதலில் இரண்டு மூன்று தடவை காற்றைக் கக்கும், அப்புறம் தண்ணீர் கொட்டும். மண்வெட்டியோடு வாய்க்காலோரம் நிற்பேன். ஒரு பாத்தி நிறைந்ததும் மடையை அடைத்துவிட்டு அடுத்ததைத் திறக்க வேண்டும். காய்ந்த மண்ணில் தண்ணீர் ஏறும்போது சின்னதாக ஒரு சத்தம் வரும், மண் உறிஞ்சுகிற சத்தம். பகலில் அது கேட்காது. வெடிப்புக்குள் இருந்த பூச்சியெல்லாம் அலறியடித்துக்கொண்டு வரப்புமேல் ஏறும். அண்ணன் களத்தில் கட்டிலில் படுத்தபடியே, மோட்டார் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ‘கெணத்துல தண்ணி கொறஞ்சுபோச்சுடா, நிறுத்திரு’ என்று கத்துவார். போய் எட்டிப் பார்த்தால் சரியாக இருக்கும்.

உங்கள் மாமனார் எட்டு மணிக்குப் படுப்பதற்குக் காரணம் இதுதான். பல வருஷமாக நடுச்சாமத்தில் எழுந்து பழகிய உடம்பு அது.

மத்தியானம் கம்பஞ்சோறு. முந்தின நாள் பொழுதோடு ஆக்கி, உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவைத்ததை, மறுநாள் மோர்விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிப்பது. வெயிலில் வேலை செய்துவிட்டு வந்து குடித்தால்தான் அதன் ருசி தெரியும். பிறகு வேப்பமர நிழலில் கயிற்றுக் கட்டில். இதைத்தான் பங்குனியில் எழுதியிருந்தேன்.

அதில் ஒன்றை நான் எழுதாமல் விட்டேன். நான் கட்டிலில் படுத்திருந்த நேரத்தில் அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா மறுநாளைக்கு உரலில் கம்பு குத்திக்கொண்டிருந்தார். கம்பை லேசாக நனைத்து, குத்தி, புடைத்து, மறுபடி குத்த வேண்டும். அந்தச் சத்தத்தில்தான் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. என் மத்தியான நிம்மதியில் பாதி அவர்களுடைய வேலை. அதை எழுதாதது தவறு. படித்ததும் அண்ணி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்கே உறுத்தியது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் வீட்டுக்குள் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று நீங்களும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

அம்மாவிடம் ஒருநாள், ‘உங்களுக்கு எது அம்மா பிடிச்ச நேரம்?’ என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. ‘சந்தைக்குப் போற நேரந்தான்’ என்றார். 2021 மே மாதத்தில் இருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வாரச் சந்தைக்கு அம்மாவும் பக்கத்துக் காட்டு அத்தையும் இன்னும் இரண்டு மூன்று பேரும் சேர்ந்து போகிறார்கள். யாரிடமும் காசு கேட்க வேண்டாம், யாரையும் வண்டியில் கொண்டுபோய் விடச் சொல்லவும் வேண்டாம். வாங்குவது கொஞ்சம் காயும் ஒரு பொட்டலம் பொரியும்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, யார் காட்டில் என்ன விதைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போவதற்காகவே அம்மா அந்த நாளை எதிர்பார்க்கிறார்.

எல்லா வருஷமும் இப்படிப் போவதில்லை என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். 2016-இல் ஐப்பசி, கார்த்திகை இரண்டும் பொய்த்தன. தமிழ்நாடு முழுக்கவே வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 60 சதவீதத்துக்கு மேல் குறைந்துபோனது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அப்பா அப்போது இருந்தார். கிணறு வறண்டு, தீவனத் தட்டுப்போரும் தீர்ந்து, ஒரு மாட்டையும் இரண்டு கிடாரிகளையும் விற்றோம். ஓட்டிக்கொண்டு போன அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா வெறும் கட்டுத்தரையைக் கூட்டிக்கொண்டே இருந்தார். கொறங்காட்டில் முதல் மழைக்குப் பச்சை எழும்பும்போது அண்ணனுக்கு முகம் மலர்கிறது என்றால், அந்த வருஷத்தைப் பார்த்த கண்ணோடுதான் அவர் அதைப் பார்க்கிறார்.

இனி சாயங்காலம். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். வெயில் தாழ்ந்ததும் மாடுகளைப் போய்க் கூப்பிட வேண்டியதில்லை. தானாகவே படலண்டை வந்து நிற்கும். கட்டுத்தரையில் கன்று கத்த ஆரம்பிக்கும். காட்டுக்குள் இருந்து தாய் குரல் கொடுக்கும். படலைத் திறந்ததும் மூத்த மாடு முதலில், மற்றவை பின்னால். ஒருநாளும் அந்த வரிசை மாறாது. நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும். மாடு தண்ணீர் குடிப்பதை அருகில் நின்று பார்த்திருக்கிறீர்களா? வாயைத் தண்ணீரில் வைத்தால் எடுக்காது. ஒவ்வொரு மடக்கும் தொண்டையில் இறங்குவது வெளியே தெரியும். குடித்து முடித்துத் தலையைத் தூக்கி, மோவாயில் தண்ணீர் சொட்டச் சொட்ட நம்மை ஒரு பார்வை பார்க்கும். தொட்டியை மத்தியானம் நிரப்பிவைத்தவர் நீங்களாக இருந்தால் அந்தப் பார்வை உங்களை என்னவோ செய்யும்.

பழந்தமிழர் மேய்ச்சல் காட்டை முல்லை என்றார்கள். அதற்கு மாலையைப் பொழுதாக வைத்தார்கள், இருத்தலை உரிப்பொருளாக வைத்தார்கள். போனவர் வரும்வரை ஆற்றியிருப்பது என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். படலண்டை மாட்டுக்காக நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல் நினைவுக்கு வரும். இருத்தல். சும்மா இருப்பதும் அதில் இருக்கிறது, எதிர்பார்த்து இருப்பதும் அதில் இருக்கிறது. நீங்கள் நான்கு நாளும் சும்மா இருந்தீர்கள். மாடு வரவோ, மின்சாரம் வரவோ, கன்று ஊட்டி முடிக்கவோ காத்திருந்திருந்தால் அதே நாற்காலியில்கூட உங்களுக்குப் பொழுது போயிருக்கும். உங்கள் மகளுக்கு அது தானாகவே கிடைத்துவிட்டது. குழந்தைக்கு யாரும் நாற்காலி போடமாட்டார்கள் இல்லையா?

மாமனார் பேசமாட்டார் என்கிறீர்கள். எங்கள் பக்கத்து ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசிப் பழகியவர்கள் இல்லை. கூட ஒரு வேலை செய்யும்போதுதான் வாய் திறப்பார்கள். அடுத்த முறை போகும்போது, ‘ஏனுங்க மாமா, இந்தத் தடவ தொட்டிக்குத் தண்ணி நான் எடுத்து விடறனுங்க’ என்று கேளுங்கள். முதலில் வேண்டாம் என்பார். மறுநாளும் கேளுங்கள். கூடவே, இந்த மாட்டின் தாய் யாரிடம் வாங்கியது என்று ஒரு கேள்வி போடுங்கள். பழையகோட்டை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இருந்தோ, கண்ணபுரம் தேர்த்திருவிழாச் சந்தையில் இருந்தோ ஆரம்பித்து, தாய், தாயின் தாய் என்று சொல்லிக்கொண்டே போவார். அன்றைக்கு எட்டு மணிக்குப் படுக்கிறாரா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

ஒரே ஒரு வேலை போதும். நான்கு நாளுக்குள் விவசாயம் கற்றுக்கொள்ள முடியாது, தேவையும் இல்லை. தொட்டிக்குத் தண்ணீர், அல்லது படல் திறப்பது. அது உங்கள் வேலை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். நீங்கள் செய்யாவிட்டால் ஒரு மாடு தாகத்தோடு நிற்கும் என்று உங்களுக்கும் தெரிய வேண்டும்.

ஐப்பசியில் போங்கள். ஒரு மழை விழுந்த பிறகு போனால் இன்னும் நல்லது. காடு நீங்கள் பார்த்த காடாக இருக்காது.

மகள் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். காங்கயம் கன்றுகள் பிறக்கும்போது செவப்பாகத்தான் பிறக்கும். ஆறு மாதம் ஆகும்போது அந்த நிறம் போய் மயிலை நிறம் வந்துவிடும். அவள் பார்த்த கன்று சித்திரையில் பிறந்தது என்றால் ஐப்பசிக்குள் தாயைப் போலவே ஆகியிருக்கும். அவளுக்கு அடையாளம் தெரியாமல் போகலாம். தாத்தாவைக் கூடக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள், அவர் காட்டுவார்.

அன்புடன்.